கதவு சாத்தியிருந்த நேரம்

இறக்கக்கண்டி
02.08.2024, வெள்ளி

தங்கச்சி லைலாவுக்கு ஸலாம்.

அண்டைக்கு வீட்டில இருந்தது ஆர் ஆர் எண்டு கேட்டாய். முதல் அதை எழுதுறன். முன் ஹோலில மூதூரிலிருந்து பொம்பிளை பாக்க வந்த மூண்டு பேர்: மாப்பிள்ளைப் பொடியன் அஸ்ஹானுடைய உம்மா ஜெமீலா, ஜெமீலாவுடைய ராத்தா, கலியாணம் முடிச்ச மகள். மகளுடைய கையில பால்குடிப் பிள்ளை ஒண்டு. உள் அறையில உன்ட மகள் ரிப்கா. குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில நான். பொம்பிளைகள் வந்திருந்தபடியால உன்ட மச்சான் பின்வளவில கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தார். வேலிக்கு அங்கால சிவக்கொழுந்தும் புருஷன் இராசதுரையும். அவங்கட ஓட்டோ வேம்புக்குக் கீழ நிண்டது. கூப்பிட்டாக் கேக்கிற தூரம், அதனால அவங்களையும் எழுதுறன். வேற ஒருத்தரும் இல்லை.

போனில நீயும் அழுது நானும் அழுது ஒண்டும் விளங்குதில்லை, எழுதி அனுப்புங்க எண்டு சொல்லிப்போட்டு வைச்சனி. அண்டையிலிருந்து நீ போன் எடுக்கிறாயில்லை. ஆகவே இதைப் பதிவுத் தபாலில போடுறன். நான் கண்டதைக் கண்டது எண்டும், மற்றவங்க சொன்னதைக் கேட்டது எண்டும் பிரிச்சு எழுதியிருக்கிறன். அழுதுகொண்டு எழுதேல்ல. ளுஹர் தொழுதிட்டு எழுதுறன்.

ஜூலை பதின்மூண்டு, சனிக்கிழமை. அஸர் தொழுகை முடிய, நாலு மணி போல, அவங்க வந்தாங்க. ரிப்கா தட்டில பிளேன்ரீயும் வட்டிலப்பமும் கொண்டு வந்து நீட்டினாள். ஜெமீலா தன்ட ராத்தாவைப் பாத்து, "கை பதறாத பிள்ளை" எண்டு சொன்னா. எனக்கு அது பெரிய சந்தோஷம். பிள்ளை கொஞ்ச நேரம் இருந்து கதைச்சிட்டு உள்ள போனாள்.

பிறகு அறைக்குள்ள ஏதோ விழுந்த சத்தம். போய்ப் பாத்தன். நிலத்தில கிடந்தாள். அவளுக்கு வலிப்பு வாற விதம் உனக்கு நான் எழுதத் தேவையில்லை. எல்லாத்துக்கும் முதல் கதவைச் சாத்தினன். நீ குவைத்துக்கு வெளிக்கிடேக்க சொன்னது அதுதானே: "ராத்தா, வந்தா முதல் கதவைச் சாத்துங்க, ஆரும் கண்டா அவளுக்கு மாப்பிள்ளை இல்லை." பிறகு சரிச்சுப் படுக்க வைச்சன். தலைக்குத் தலாணி வைச்சன். கையில பூட்டுத் திறக்கிற இரும்புத் திறப்புக் கோர்வையைத் திணிச்சன். யாஸீன் ஓதினன். கால் கட்டில் காலில அடிபட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் வெளியில போகாமல் மேல சுத்துற பேனைக் கூட்டிவிட்டன்.

எப்பவும் ரெண்டு நிமிஷத்தில நிண்டிடும். நித்திரையாகி, எழும்பித் தண்ணி கேப்பாள். அண்டைக்கும் அப்பிடித்தான் எண்டு ஹோலுக்கு வந்தன். "மகள் எங்க?" எண்டா ஜெமீலா. "உடுப்பு மாத்துறாள்" எண்டன். இன்னொரு பிளேன்ரீ ஊத்திக் குடுத்தன். உள்ள போனன், நிக்கேல்ல. ஹோலுக்கு வந்தன். ஜெமீலாட ராத்தா இறால் வறுக்கிற ஒரு விதம் சொல்லிக்கொண்டிருந்தா. ஓம் ஓம் எண்டு கேட்டன். திரும்ப உள்ள போனன். சொண்டு, வாய் ஓரமெல்லாம் நீலமாயிருந்தது. பின் ஜன்னலால மச்சானைக் கூப்பிட வாய் வந்தது. அவர் ஓடி வந்தா இவங்களும் எழும்பி வருவாங்க. கூப்பிடேல்ல.

அவங்க வெளிக்கிடேக்க பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லப்போற நேரம். வேலிப் படலை மட்டும் போய் அனுப்பினன். பேரப்பிள்ளையின்ட கன்னத்தைத் தட்டிச் சிரிச்சன். அவங்களை ஏத்த வந்த வான் வளைவில திரும்பினாப் பிறகுதான் "இராசதுரை" எண்டு கத்தினன்.

ஓட்டோவில பிள்ளையை மடியில கிடத்தினது சிவக்கொழுந்து. "எவ்வளவு நேரமாக்கா?" எண்டு கேட்டா. "அஸருக்குப் பிறகு" எண்டன். அவ புருஷனைப் பாத்து, "கெதியா ஓட்டுங்க" எண்டா.

ஆஸ்பத்திரியில நான் கண்டது: நாளத்தில ஊசி போட்டாங்க. நிக்கேல்ல. கொஞ்சத்தால அதே மருந்தைத் திரும்பவும் போட்டாங்க. நிக்கேல்ல. வேற மருந்தை சேலைனோட ஏத்தினாங்க. கை கால் அடங்கிச்சுது. நான் அல்ஹம்துலில்லாஹ் எண்டு சுவரில சாஞ்சன். அப்பதான் துஷாந்தி எண்ட நேர்ஸ் பிள்ளை வந்து சொன்னா: "அம்மா, உடம்புதான் நிண்டிருக்கு. மூளைக்குள்ள இன்னும் ஓடுது." தலை முழுக்க வயர் ஒட்டிப் பாத்திருக்கிறாங்க. பிறகு அதிதீவிரப் பிரிவுக்குக் கொண்டுபோய், மூளை ஓயட்டும் எண்டு மருந்தாலே நித்திரையாக்கி, தொண்டையில குழாய் வைச்சு, மெஷினால மூச்சு விட வைச்சாங்க. ஒரு கிழமைக்கு மேல அப்பிடிக் கிடந்தாள்.

இப்ப வார்ட்டில இருக்கிறாள். கண் திறக்கிறாள். என்னைத் தெரியுது. பேரைக் கேட்டா யோசிச்சுத்தான் சொல்றாள்.

மூதூரிலிருந்து ஆள் வந்தது. பிள்ளையை நல்லாப் பிடிச்சிருக்காம், நாள் குறிக்கக் கேக்கிறாங்க. என்ன சொல்ல?

ராத்தா ஸல்ஹா

•

குவைத்
19.08.2024

ராத்தா,

உங்கட கடிதத்தை பாத்ரூமுக்குள்ள இருந்து வாசிச்சன். மேடம் ரெண்டு தரம் கதவைத் தட்டிப்போட்டா.

பிளேன்ரீ ஊத்தினீங்களா? என்ட பிள்ளை நிலத்தில கிடந்து அடிக்க நீங்க ஹோலில இருந்து இறால் கதை கேட்டீங்களா? கதவைச் சாத்துங்க எண்டு நான் சொன்னது ரெண்டு நிமிஷத்துக்கு, ராத்தா. மஃரிப் மட்டும் சாத்தி வைக்கச் சொல்லேல்ல. என்ட சொல்லை எனக்கே திருப்பி எழுதி அனுப்பியிருக்கிறீங்க, கடைக்காரன் பில்லை நீட்டுற மாதிரி. உங்களுக்கு எல்லாம் கணக்குத்தான். கண்டது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம்.

அவள் எப்பிடி நடக்கிறாள், கையால சாப்பிடுறாளா, அதை எழுதேல்ல. ஆரார் வந்தது எண்டு பால்குடிப் பிள்ளையையும் எழுதியிருக்கிறீங்க.

இல்ல, நான் இதை எழுதக்கூடாது. நீங்கதான் அவளோட ஆஸ்பத்திரியில கிடந்தது. நான் இல்ல. எனக்குத் தெரியும்.

மூதூராக்களுக்கு ஓம் எண்டு சொல்லுங்க. பிள்ளைக்கு டெங்கு வந்தது, உடம்பு தேற நாள் வேணும் எண்டு சொல்லி, நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வையுங்க. அதுக்குள்ள தேறிடுவாள். பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு குடுக்காமல் எங்கட ஆக்களில ஆர் கலியாணம் முடிக்கிறது? அவளுக்கு வாப்பாவும் இல்லை. அந்த வீட்டுக்காகத்தான் நான் இந்த வெயிலில ஆரோ ஒருத்தியின்ட கார்பெட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறன். கூரை மட்டும்தான் மிச்சம். கலியாணம் முடிஞ்சு, ஒரு பிள்ளையும் பிறந்த பிறகு தெரிஞ்சா ஒண்டும் செய்ய மாட்டாங்க. அதுக்கு முதல் தெரிஞ்சா அவளை ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

இதை றிஷானாட்ட குடுத்து விடுறன். பக்கத்து வீட்டில வேலை செய்றவ, லீவில ஊருக்கு வாறா. அவவுக்கும் ஒண்டும் சொல்லிப்போடாதீங்க.

லைலா

•

இறக்கக்கண்டி
10.09.2024, செவ்வாய்

தங்கச்சி,

உன்ட கடிதம் கிடைச்சது. கணக்கு எண்டு எழுதினாய். ஓம், எனக்கு அதுதான் தெரியும். நான் படிச்சது ஆறாம் வகுப்பு மட்டும்தான். எழுதி வைக்காட்டி எனக்கு ஒண்டும் பிடிபடாது.

பிள்ளை வீட்டுக்கு வந்திட்டாள். நடக்கிறாள், சுவரைப் பிடிச்சுத்தான். கரண்டியால சாப்பிடுறாள், கையால பிசைஞ்சா சோறு வாய்க்குப் போகமுதல் சிந்துது. கதை இழுத்து இழுத்து வருது. ஏ.எல். சோதினை பாஸானது ஞாபகமில்லை, திரும்பவும் சோதினைக்குப் படிக்க வேணும் எண்டு கொப்பியை எடுத்து வைச்சிருக்கிறாள். மூதூராக்கள் வந்ததும் ஞாபகமில்லை. ஒருநாள் கேட்டாள்: "பெரியும்மா, என்னைப் பாக்க ஆரோ வாறதா இருந்ததே, வரேல்லையா?" மழை எண்டு சொன்னன்.

அண்டைக்கு ஏன் அப்பிடி நீண்டது எண்டு டொக்டர் கேட்டவ. சின்னச் சிங்களப் பிள்ளை, தமிழைத் தேடித் தேடிக் கதைக்கும், விளங்காததைத் துஷாந்தி சொல்லுவா. "மருந்தை விட்டாவா?" எண்டு கேட்டா. இல்லை எண்டு சத்தியம் பண்ணாத குறையா நிண்டன். வீட்ட வந்து வலிப்புக் குளிசை மட்டையைப் பாத்தன். கணக்குக்கு ரெண்டு நாள் குளிசை மிஞ்சியிருந்தது. அந்தக் குளிசை குடிச்சா அவளுக்குக் கை நடுங்கும், உனக்குத் தெரியும். தட்டு ஏந்த வேணுமே, அதுக்காக விட்டிருக்கிறாள். இதை நான் ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை, காணவும் இல்லை. ஆனா வேற காரணம் இல்லை. மருந்தைத் திடீரெண்டு விட்டா இப்பிடி வாறது கூடுதல் எண்டு டொக்டர் சொன்னா.

இன்னும் சொன்னா. அஞ்சு நிமிஷத்துக்குள்ள நிக்காத வலிப்பு தானா நிக்கும் எண்டு காத்திருக்கக் கூடாதாம். நேரம் போகப் போக மருந்துக்கும் கேக்காதாம், மூளையையும் பழுதாக்குமாம். "உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை அம்மா. லட்சம் பேரில வருஷத்துக்குப் பத்திலிருந்து நாற்பது பேருக்கு இப்பிடி வருது" எண்டா. நான் வீட்ட வந்து கணக்குப் பாத்தன். எங்கட மாவட்டத்தில நாலு லட்சம் பேர். அப்ப குறைஞ்சது நாற்பது பேர், கூடினா நூற்றி அறுபது. ஒவ்வொரு வருஷமும். நான் என்ட வாழ்நாளில ஒருத்தரைப் பற்றியும் கேள்விப்படேல்ல. அவ்வளவு வீட்டிலயும் கதவு சாத்தியிருக்கு போல, லைலா.

ஒரு மருந்து எழுதித் தந்திருக்கிறா. ஊசியில்லாத சிரிஞ்ச். அஞ்சு நிமிஷம் தாண்டினா, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில மெல்ல விட வேணும். விட்டுப்போட்டு 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிட வேணும். ஓதுறது பிழையோ எண்டு கேட்டன். "ஓதுங்க. மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு ஓதுங்க" எண்டா. நல்ல பிள்ளை, அல்லாஹ் அவவுக்கு அருள் செய்யட்டும்.

இதை நான் றிஷானாவுக்குச் சொல்லேல்ல. அவதான் எனக்குச் சொன்னா. கடிதத்தைத் தந்துபோட்டு, சோடா குடிச்சுக்கொண்டு, பெருமையாச் சொன்னா: "லைலா ராத்தாட மேடத்தின்ட மகனுக்கு வலிப்பு. வந்தா மேடம் கத்திக்கொண்டு ஓடுவா, லைலா ராத்தாதான் மணிக்கூட்டைப் பாத்து, கன்னத்துக்குள்ள மருந்து விடுவா. அந்த வீட்டில அவ இல்லாட்டி ஏலாது." தண்ணி எடுத்து வாறன் எண்டு நான் குசினிக்குள்ள போனனான். வர நேரமாயிட்டுது.

அங்க நீ போய் ரெண்டு வருஷம். எனக்கு ஏன் சொல்லேல்ல?

சிவக்கொழுந்துக்கு எல்லாம் சொல்லிப்போட்டன். மருந்து எங்க இருக்கு எண்டும் காட்டிக் குடுத்திட்டன். மூதூராக்களுக்கு டெங்கு எண்டு சொல்ல மாட்டன். நாளைக்கு அந்தப் பொடியனோட தனிய ஒரு அறைக்குள்ள இருக்கப்போறது அவள். அவனும் கதவைச் சாத்திப்போட்டு இருந்தா?

போன வெள்ளி நான் அடிச்சதுக்கு நீ ஒருக்காப் போனை எடுத்தாய். நான் பிள்ளையின்ட கையில குடுத்தன். அவள் "உம்மா" எண்டு தொடங்கிச் சொல்லி முடிக்கமுதல், "ஆர் நீங்க, தெரியாமல் எடுத்திட்டீங்க" எண்டு வைச்சிட்டாய். போனை என்னட்டத் திருப்பித் தந்தாள்.

ராத்தா

•

குவைத்
30.09.2024

ராத்தா,

அது அவளா?

ஆரோ வயசு போன மனுஷி கதைக்கிற மாதிரி இருந்தது. நான் உங்கட நம்பரைப் பாக்காமல் எடுத்திட்டன். அது அவள் இல்லை எண்டு எழுதுங்க. இல்ல, எழுதாதீங்க.

ஏன் சொல்லேல்ல எண்டு கேக்கிறீங்க. ஏஜென்சியில எங்களை வரிசையா நிப்பாட்டி, வலிப்புப் பிள்ளை இருக்கிற வீடு, பயமில்லாத ஆள் வேணும் எண்டு கேட்டாங்க. எல்லாரும் குனிஞ்சு நிண்டாங்க. நான் மட்டும் கையை உயர்த்தினன். அந்தப் பயம் எனக்கு எப்பவோ போயிட்டுது. மேடம் பழக்கினா. அந்தச் சிரிஞ்ச் இங்க பிரிஜ்ஜுக்கு மேல, எல்லாரும் காணுற இடத்தில இருக்கு. வாறாக்கள் இது என்ன எண்டு கேட்டா மேடம் மகன்ட மருந்து எண்டு சொல்லிப்போட்டுக் கோப்பி ஊத்துறா. அவங்களுக்குச் சொல்லலாம், ராத்தா. அவன் ஆம்பிளைப் பிள்ளை, அவங்க பணக்காரர். எங்களுக்கு அந்த மருந்து பார்மசியில கேட்டாலே ஊர் முழுக்கத் தெரியும். நான் வரேக்க கொண்டுவந்து, உங்களுக்கு மட்டும் காட்டித் தருவம் எண்டு நினைச்சன். வாற நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

போன கிழமையும் அவனுக்கு வந்தது. மணிக்கூட்டைப் பாத்தன், மருந்து விட்டன், நிண்டிட்டுது. மேடம் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. அவ கையை விலக்கிப்போட்டுக் குசினிக்குள்ள வந்து நிலத்தில இருந்தன். சோறு அடிப்பிடிச்ச மணம் வந்தது. அடுப்பை நிப்பாட்டேல்ல.

சிவக்கொழுந்துக்குச் சொன்னீங்களா? அப்ப கடற்கரை முழுக்கச் சொன்ன மாதிரித்தான். மூதூருக்கும் போய்ச் சொல்லுங்க. பள்ளிவாசல் மைக்கிலயும் சொல்லுங்க. நீங்க பெத்திருந்தா இப்பிடி எழுத மாட்டீங்க. பெறாதவளுக்கு உண்மை சொல்றது லேசு.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

லைலா

•

இறக்கக்கண்டி
21.10.2024, திங்கள்

லைலா,

எழுத வேண்டாம் எண்டாய். எழுத வேண்டியிருக்கு. பெறாதவள் எண்டது சரி, அதுக்கு நான் மறுமொழி எழுதேல்ல.

மூதூருக்குப் போனனாங்கள், நானும் மச்சானும். டவுனில பஸ் மாறி, கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய்ச் சேர மத்தியான ளுஹர் ஆயிட்டுது. மச்சான் படலையடியிலேயே நிண்டிட்டார், நீ போய்ச் சொல்லு எண்டு. ஜெமீலா பாய் விரிச்சு இருத்தினா. பிள்ளைக்கு வலிப்பு இருக்கு, அண்டைக்கு நீங்க ஹோலில இருக்கேக்கதான் வந்தது, நான் மறைச்சுப்போட்டன் எண்டு சொன்னன்.

அவ முந்தானையை இழுத்து மூடினா. பிறகு சொன்னா: "எனக்குக் கேட்டது."

"என்ன கேட்டது?"

"கால் அடிபடுற சத்தம். பேனைக் கூட்டினாப் பிறகும் கேட்டது. எங்கட தம்பிக்கும் இருந்தது, அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். எழும்பிக் கேட்டா உங்களுக்கு வெக்கமாப் போகும். இடையில எழும்பிப் போனா பிள்ளையைப் பிடிக்கேல்ல எண்டு நினைப்பீங்க. நீங்களா உள்ள கூப்பிடுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அதுதான் ரெண்டாவது பிளேன்ரீயையும் குடிச்சன்."

நான் அவவைப் பாத்தன், அவ என்னைப் பாத்தா. ரெண்டு பேரும் அண்டைக்கு மரியாதையா இருந்திருக்கிறம், லைலா.

சின்ன வலிப்பு, நிண்டிடும் எண்டு நினைச்சுத்தான் நாள் குறிக்கக் கேட்டவவாம். பிள்ளை இப்ப இருக்கிற நிலையைச் சொன்னன். அவ அழுதா. என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு, "என்ட தம்பியை அடக்கிப்போட்டு வந்த வீடு இது. இன்னொருக்கா என்னால ஏலாது, மன்னிச்சுக்கொள்ளுங்க" எண்டா. கோபமில்லை. எங்களைச் சாப்பிடாமல் போக விடேல்ல. அந்தக் கதை அதோட முடிஞ்சுது. அதுக்கு நீ என்னைத் திட்டுறதெண்டாத் திட்டு.

அடுத்தது. பத்தாம் திகதி காலமை ரிப்கா சிவக்கொழுந்தின்ட வளவில இருந்து கருவாடு பொறுக்கிக் குடுத்துக்கொண்டிருந்தாள். நான் கடைக்குப் போயிருந்தன். அங்கேயே வந்திட்டுது. இராசதுரை மணிக்கூட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறார், சிவக்கொழுந்து எங்கட அலுமாரியிலிருந்து சிரிஞ்சை எடுத்து வந்து, அஞ்சு நிமிஷம் ஆனதும் கன்னத்துக்குள்ள விட்டிருக்கிறா. நான் ஓடி வரேக்க பிள்ளை அவ மடியில நித்திரை. படலை திறந்தபடி, ரோட்டால போற சனமெல்லாம் நிண்டு பாத்துக்கொண்டிருந்தது. சிவக்கொழுந்து, "என்ட கருவாட்டுக் கை மணத்துக்கே நிண்டிருக்கும், ஸல்ஹாக்கா, மருந்து சும்மா" எண்டா. சொல்லிப்போட்டுப் பிள்ளையின்ட தலைமயிரை ஒதுக்கிவிட்டா. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோய், அடுத்த நாளே வீட்டுக்கு விட்டிட்டாங்க. முந்தி இருந்ததை விடக் குறையேல்ல. முந்தி மாதிரி ஆகவும் இல்லை. ஆக மாட்டாள் எண்டு டொக்டர் மெதுவாச் சொல்லியிருக்கிறா.

ரிப்கா ஒவ்வொரு நாளும் வீடு கட்டுற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்றாள். கூரையில்லாத அறைக்குள்ள கதிரை போட்டு இருக்கிறாள். இது ஆருக்கு எண்டு கேட்டாள். உனக்குத்தான் எண்டன். "அப்ப உம்மா எங்க படுப்பா?" எண்டாள்.

இப்ப நான் எழுத வந்ததுக்கு வாறன். நவம்பர் பதினாலாம் திகதி பெரிய டொக்டரின்ட கிளினிக். இப்பிடி நீண்டு வந்தது இதுதான் முதல் தரமா, சின்ன வயசில எப்பவாவது வந்ததா எண்டு அவர் கேட்டு அனுப்பியிருக்கிறார். முந்தி ஒருக்கா வந்த பிள்ளையெண்டா மருந்து வேற விதமா யோசிக்க வேணுமாம். எட்டாம் வகுப்பில பள்ளிக்கூடத்தாலே வந்த அண்டைக்குத்தான் முதல் வலிப்பு எண்டு நீ எனக்குச் சொன்னனி. கிளினிக் கார்ட்டிலயும் அப்பிடித்தான் கிடக்கு.

ஆனா நீங்க டவுனில ஓர்ஸ் ஹில்லில வாடகைக்கு இருந்த காலம், அவளுக்கு நாலு வயசு இருக்கும், பிள்ளையை ரெண்டு கிழமை ஆஸ்பத்திரியில வைச்சிருந்தனீங்க. நெருப்புக் காய்ச்சல் எண்டாய். ஒட்டும், ஒருத்தரும் பாக்க வரவேண்டாம் எண்டு உன்ட புருஷனிட்டச் சொல்லி அனுப்பினாய். நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து, வாசலில அவர்ட்டக் குடுத்துப்போட்டுத் திரும்பினனான். வீட்ட வந்தாப் பிறகு அவள் கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளை எண்டு நினைச்சம். அந்த ஆஸ்பத்திரித் துண்டு ஒண்டும் இங்க இல்லை. அவரும் மௌத்தாகி அடக்கியாச்சு. இப்ப அது தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதான்.

அது காய்ச்சல்தானா? காய்ச்சல் எண்டாக் காய்ச்சல் எண்டு எழுது. இல்லையெண்டா இல்லை எண்டு எழுது. நான் உன்னை ஒண்டும் கேக்க மாட்டன், டொக்டருக்கு மட்டும் சொல்லுவன். பதினாலாம் திகதிக்கு முதல் பதில் போடு.

ராத்தா ஸல்ஹா